ஆடுகளம் கேள்வி – பதில்: நான்கு மாதத்தில் முளைத்த ஸ்டேடியம்

2024 டி20 உலகக் கோப்பைக்காக நியூயார்க்கில் அவசரமாகக் கட்டிய ஸ்டேடியத்தைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பிட்ச் போடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் என்பதால் எனக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது. பேட்டிங், பவுலிங் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் பெரிய பெரிய பேஸ்பால் ஸ்டேடியங்கள் இருக்கின்றனவே. அதில் ஒன்றில் ஆடாமல், எதற்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிதாகக் கட்டி, பிறகு பிரிக்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

ஆடியும் பார்த்திருக்கிறார்கள். 2015 நவம்பரில் சச்சினும் ஷேன் வார்னேவும் ஆளுக்கு ஓர் அணி சேர்த்துக்கொண்டு நியூயார்க் சிட்டி ஃபீல்டு, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று இடங்களிலும் பேஸ்பால் மைதானங்களில்தான் ஆடினார்கள். ஓய்வுபெற்ற நட்சத்திரங்களைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அது போதும். உலகக் கோப்பைக்குப் போதாது. பேஸ்பால் மைதானம் கால்வட்ட வடிவம். அதற்குள் ஒரு பிட்ச்சை வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் பவுண்டரி மிகவும் கிட்டே வந்துவிடும். ஐசிசி எனப்படும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் விதிப்படி பிட்ச்சின் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 65 கெஜத்துக்குக் குறையக் கூடாது. தவிர, ஜூன் மாதம் அங்கே பேஸ்பால் சீசன் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மைதானத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

முதலில் பார்த்த இடம் பிராங்ஸ் பகுதியிலுள்ள வான் கோர்ட்லாண்ட் பூங்கா. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். கரீபியன் தீவுகளிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் போய்க் குடியேறியவர்கள் வார இறுதியில் கூடுகிற இடம். உலகக் கோப்பைக்காக மாதக்கணக்கில் எங்கள் மைதானத்தை அடைத்துப்போட்டால் நாங்கள் எங்கே ஆடுவது என்று எதிர்த்தவர்களில் அந்த உள்ளூர் கிளப்காரர்களும் உண்டு. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். வாரம் தவறாமல் ஆடுகிறவனை வெளியே நிறுத்திவிட்டுக் கிரிக்கெட்டை வளர்க்க முடியாது.

அதன் பிறகுதான் லாங் ஐலண்டில் ஈஸ்ட் மெடோ என்ற ஊரிலுள்ள ஐசனோவர் பூங்காவுக்கு மாறினார்கள். 2024 ஜனவரியில் வேலை ஆரம்பம், மே மாத நடுவில் உசேன் போல்ட்டை அழைத்துத் திறப்பு. 34,000 பேர் உட்காரும் கேலரி. அதில் ஒரு பகுதி, லாஸ் வேகஸ் கார் பந்தயத்துக்குப் போட்டிருந்த கேலரியைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டியது. செலவு சுமார் 3 கோடி டாலர் என்று செய்தி வந்தது. நிரந்தரமாகக் கட்டியிருந்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும். எட்டு ஆட்டத்துக்குக் கழற்றி மாட்டும் கேலரி என்ற யோசனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தரைதான் பிரச்சினை.

பிட்ச்சைத் தயாரித்தது ஆஸ்திரேலிய நிபுணர்கள் என்கிறீர்கள். பிறகு ஏன் அத்தனை மோசம்? இலங்கை 77 ரன், அயர்லாந்து 96 ரன். பார்க்கவே பயமாக இருந்தது.
– சேலம் வாசகர்

அடிலெய்டு ஓவல் மைதானத்தின் தலைமைக் கியூரேட்டர், அதாவது பிட்ச்சைத் தயாரித்துப் பராமரிப்பவர், டேமியன் ஹஃப் தலைமையில்தான் அந்தப் பிட்ச்களைச் செய்தார்கள். டிராப்-இன் பிட்ச், அதாவது பெரிய தட்டில் வெளியே வளர்த்துத் தூக்கிவந்து பதிக்கும் பிட்ச். அவருடைய சொந்த மைதானத்திலேயே 2013 முதல் டிராப்-இன் பிட்ச்களில்தான் டெஸ்ட் ஆட்டங்கள் நடக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. 1977-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனிப் போட்டி நடத்தியபோது, மைதானம் கிடைக்காததால் தொடங்கிய முறை இது. ஆகவே முறையையோ ஆளையோ குறை சொல்வதற்கில்லை.

பத்துப் பிட்ச் செய்தார்கள். மெயின் மைதானத்துக்கு நான்கு, பயிற்சிக்கு ஆறு. நியூயார்க்கில் ஜனவரியில் பனி. அங்கே புல் வளராது என்பதால் வெயில் அடிக்கும் ஃபுளோரிடாவில் தட்டுகளில் களிமண் நிரப்பி, பெர்முடா புல் வளர்த்தார்கள். நம் அருகம்புல் வகைதான். அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட லாரிகளில் ஏற்றி ஆயிரம் மைலுக்கு மேல் சாலை வழியாகக் கொண்டுவந்து பதித்தார்கள். ஜூன் 1-ஆம் தேதி இந்தியா – வங்கதேசம் பயிற்சி ஆட்டம். அதற்கு முன்பு அந்த மைதானத்தில் ஒரு பெரிய ஆட்டம்கூட நடந்ததில்லை.

இதில் எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் போட்டு, காயவிட்டு, மறுபடி தண்ணீர், மறுபடி ரோலர் என்று மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். புல்லின் வேர் கீழே இறங்கி அடி மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அப்போதுதான் மேலும் கீழும் ஒரே சீராகக் காய்ந்து, மண் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும். வேர் ஆழம் போகாத பிட்ச்சில் மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் ஈரம் தங்கியிருக்கும். உறை ஊற்றிய பாலை அவசரப்படுத்தினால் மேலே தண்ணீரும் கீழே திரளும் தனித்தனியாக நிற்குமே, அப்படி. அந்த மண்ணில் ஓர் இடத்தில் விழும் பந்து எகிறும், ஒரு சாண் தள்ளி விழும் பந்து கணுக்காலுக்கு வரும். ரோலர் அழுத்தும் வேலையை எந்திரம் செய்துவிடும். வேர் இறங்கும் வேலைக்கு எந்திரம் கிடையாது.

நான் வேலை பார்த்த காலத்தில் ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு பழைய பந்தை எடுத்துக்கொண்டு பிட்ச் பக்கம் போவேன். தலைக்கு மேல் கையைத் தூக்கி, குட் லெங்த், அதாவது நல்ல பவுலர் வழக்கமாகப் பந்தைக் குத்தும் இடத்தில் பந்தைக் கைவிட வேண்டும். வீசக் கூடாது, விட மட்டும்தான் வேண்டும். எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டு, இரண்டு அடி தள்ளி மறுபடி விட வேண்டும். அடுத்த முனையிலும் அதே மாதிரி. எல்லா இடத்திலும் ஒரே உயரத்துக்கு வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் அந்த இடம் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். அங்கே சாவியைக் குத்தினால் சுலபமாக உள்ளே போகும். ஒரே ராத்திரியில் அதைச் சரிசெய்ய எந்த வித்தையும் இல்லை.

ஜூன் 5 இந்தியா – அயர்லாந்து ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கையில் பந்து பட்டு ரோஹித் சர்மா 52 ரன்னில் பாதியில் வெளியேறினார். ரிஷப் பந்த்தும் முழங்கையில் வாங்கினார். அவர் ரிவர்ஸ் ஸ்கூப்பில் சிக்ஸர் அடித்து முடித்து வைத்ததை எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கு அந்த முழங்கை அடிதான் மனதில் நின்றது. பிட்ச் எகிறினால் ஸ்கோர் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடுகிறவனுக்கு எலும்பு முறிந்தால் அந்தப் பழி கியூரேட்டர் தலையில்தான் விழ வேண்டும். ஐசிசியும் சில நாட்களிலேயே, எதிர்பார்த்தபடி பிட்ச் சீராக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

எட்டு ஆட்டத்திலும் கனடா எடுத்த 137-தான் அதிகபட்சம். இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்தில் இந்தியா 119-க்கு ஆல் அவுட், பாகிஸ்தான் 113 எடுத்து ஆறு ரன்னில் தோற்றது. அன்றைக்கு பும்ரா பந்துவீசிய விதத்தில் நானும் மெய்மறந்தேன். ஆனாலும் ஒரு நல்ல பிட்ச்சில் அதே பும்ராவை பாபரும் ரிஸ்வானும் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு நமக்குப் போய்விட்டதே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த ஸ்டேடியம் இப்போது இருக்கிறதா?
– நாகர்கோவில் வாசகர்

கேலரியைப் பிரித்துவிட்டார்கள். ஜூன் 12 இந்தியா – அமெரிக்கா ஆட்டம்தான் கடைசி. புல்தரையை உள்ளூர் ஆட்டக்காரர்களுக்காகப் பூங்காவிலேயே விட்டுச்செல்வது என்பது திட்டம்.

அதே உலகக் கோப்பையில் டல்லஸ், ஃபுளோரிடா மைதானங்களும் இருந்தனவே. அவை எப்படி?
– ஈரோடு வாசகர்

டல்லஸ் பக்கத்து கிராண்ட் ப்ரெய்ரி எனக்குப் பிடித்த உதாரணம். கைவிடப்பட்டுக் கிடந்த சின்ன பேஸ்பால் ஸ்டேடியத்தைக் கிரிக்கெட்டுக்கு ஏற்ற மாதிரி இடித்துத் திருத்தினார்கள். 2023-இல் அமெரிக்காவின் டி20 லீக்கான மேஜர் லீக் கிரிக்கெட் அங்கேதான் தொடங்கியது. உலகக் கோப்பை வருவதற்குள் பிட்ச் ஒரு முழு சீசன் ஆட்டத்தைப் பார்த்திருந்தது. அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வீழ்த்தியதும் அங்கேதான். கோப்பை முடிந்த மறு மாதமே அங்கே மறுபடி லீக் ஆட்டம்.

ஃபுளோரிடாவில் லாடர்ஹில் பழைய மைதானம். ஆனால் ஜூன் அங்கே மழைக்காலம். இந்தியா – கனடா ஆட்டம் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டது. மழை விட்ட பிறகும் தரை காயவில்லை. மைதானம் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் ஆடியிருக்கலாம். கொழும்பில் மழை வந்தால் ஆட்கள் ஓடிவந்து கடைசி புல் வரை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊழியர்களைத்தான் உலகத்திலேயே சிறந்தவர்கள் என்பேன்.

ஆன்டிகுவாவில் புது ஸ்டேடியத்தில் டெஸ்ட் மேட்ச் பத்தே பந்தில் நின்றுபோனதாக என் அப்பா சொல்கிறார். உண்மையா?
– மதுரை வாசகி, கல்லூரி மாணவி

அப்பா சொன்னது சரிதானம்மா. 2007 உலகக் கோப்பையை மேற்கிந்தியத் தீவுகள் நடத்தியபோது ஆன்டிகுவாவில் விவியன் ரிச்சர்ட்ஸ் பெயரில் சீன உதவியோடு புது ஸ்டேடியம் கட்டினார்கள், ஊருக்கு வெளியே. உலகக் கோப்பை நடந்து முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2009 பிப்ரவரி 13, இங்கிலாந்துடன் டெஸ்ட். தரை முழுக்க மணல். பவுலர் ஓடிவரும் இடத்தில் கால் புதைகிறது. பத்துப் பந்து போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வடியட்டும் என்று மணலைக் கொட்டியிருந்தார்கள். மணலைப் பிடித்துக்கொள்ள அதன் மேல் புல் வேர் பின்னிப்போயிருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஊருக்குள் பழைய ரெக்ரியேஷன் கிரவுண்டு இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் சதம் அடித்ததும், லாரா 375-உம் பிறகு 400-உம் அடித்ததும் அங்கேதான். புது ஸ்டேடியம் வந்ததும் அதை ஓரம்கட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் இரண்டே நாளில் அதைத் தயார்செய்து பிப்ரவரி 15-இல் டெஸ்ட்டைத் தொடங்கினார்கள். ஐந்து நாள் போனது. மேற்கிந்தியத் தீவுகள் கடைசி விக்கெட்டோடு தாக்குப்பிடித்து டிரா செய்தது. பல வருஷம் உருட்டி இறுகிப்போன பழைய மண் இருந்ததால்தான் இரண்டு நாள் வேலை போதுமானதாக இருந்தது.

அந்த உலகக் கோப்பைக்கு எழுப்பியதெல்லாம் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். கயானாவில் இந்தியா பணம் கொடுத்து உதவிய ப்ராவிடன்ஸ் ஸ்டேடியத்தில்தான் மலிங்கா நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்தார். 2024 அரையிறுதி வரைக்கும் அது பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. டிரினிடாடில் லாரா பெயரில் ஆரம்பித்ததோ 2007-க்குத் தயாராகாமல் 2017-இல்தான் திறந்தது. கடைசியில் அங்கே 2024-இன் இன்னோர் அரையிறுதியை வைத்தார்கள். ஆப்கானிஸ்தான் 56-க்கு ஆல் அவுட். அன்றைக்கும் பேச்செல்லாம் பிட்ச்சைப் பற்றித்தான்.

நம்ம சேப்பாக்கத்தில் மூன்று கேலரி வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததே, ஏன்?
– சென்னை வாசகர்

2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகள். பக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கட்டடத்துக்கும் அவற்றுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, அனுமதி என்று தகராறு நீதிமன்றம் வரை போனது. சுமார் 12,000 இருக்கை. டிக்கெட் கிடைக்காமல் வாலாஜா சாலையில் பையன்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றபோது அந்த இருக்கைகள் காலியாகக் கிடந்தது எனக்குத் தாங்கவில்லை. 2023-இல்தான் தீர்ந்தது. ஸ்டேடியத்துக்கு முதல் செங்கல், கையில் இருக்கும் அனுமதிக் காகிதம்.

ஐயா, யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டம்பரில் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அம்பாந்தோட்டை போல ஆகிவிடுமோ என்று பயமும் இருக்கிறது. உங்கள் கருத்து?
– யாழ்ப்பாண வாசகர்

உங்கள் சந்தோஷம் எனக்கும் உண்டு. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும்போர்’ என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டம் இருக்கிற ஊர் உங்களுடையது. போருக்கு நடுவிலும் கிரிக்கெட்டைக் கைவிடாத ஊர். மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் 2024-இல் ஐபிஎல்லில் பந்துவீசியபோது உங்கள் தெருக்களில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அம்பாந்தோட்டை, சரியாகச் சொன்னால் சூரியவெவ ஸ்டேடியம், 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. 35,000 பேருக்கு இடம். அந்தக் கோப்பையில் அங்கே நடந்தவை இரண்டே ஆட்டம். இலங்கை கனடாவைத் தோற்கடித்தது, பாகிஸ்தான் கென்யாவைத் தோற்கடித்தது. பக்கத்தில் பெரிய நகரம் கிடையாது. அதனால் கோப்பை போன பிறகு ஆட்டம் அபூர்வம். 2020-இல் கொரோனா காலத்தில் லங்கா பிரீமியர் லீக் முழுவதையும் அங்கே நடத்தினார்கள். கூட்டத்திலிருந்து ஒதுங்கி இருக்க வேண்டியிருந்தபோது அந்தத் தனிமை கைகொடுத்தது. மற்ற நாட்களில் அதுவே பாரம்.

மண்டைதீவு அப்படி இல்லை. யாழ் நகரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆடுவதற்கு ஊர் நிறையப் பையன்கள் இருக்கிறார்கள். என் கவலை வேறு: உப்பு. கடல்நீரேரி ஓரத்துத் தாழ்ந்த நிலம். யாழ்ப்பாணத்துக்கு வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது. அதிகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறும். ஒரு சர்வதேச மைதானத்தின் புல்லுக்குத் தினமும் ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் பாய்ந்தால் முதலில் சாவது புல். களிமண்ணும் கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய விஷயம், மைதானத்துக்காக இறைத்து அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெட்டுப்போகக் கூடாது.

ஆகவே தம்பி, பொறுப்பில் இருப்பவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கேலரி எத்தனை அடுக்கு என்பதை விட்டுவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், மாரியில் தேங்கும் வெள்ளம் எங்கே வடியும், சர்வதேச ஆட்டம் இல்லாத நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மைதானம் திறந்திருக்குமா. கட்டிடத்துக்கு முன்பே பிட்ச்சையும் புல்லையும் போடச் சொல்லுங்கள். தூண்கள் எழும்புகிற காலத்தில் வேரும் இறங்கிக்கொண்டிருக்கும்.

நான் கிராமத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். உலகக் கோப்பை எல்லாம் வேண்டாம், பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டர்ஃப் பிட்ச், அதாவது களிமண்ணில் நிஜப் புல் வளர்த்த பிட்ச், போட்டுக்கொடுக்க ஆசை. கையில் பணம் குறைவு. எங்கே ஆரம்பிப்பது?
– தேனி மாவட்ட வாசகர்

மண்ணில் ஆரம்பியுங்கள் சார். பக்கத்து ஏரிக் களிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு அதைத் தரையில் வைத்துக் குதிகாலால் அழுத்துங்கள். சட்டென்று பொடியானால் அந்த மண் ஆகாது, மணல் அதிகம். உடம்பின் பாரம் முழுவதும் போட்ட பிறகு, பட்டென்று சத்தத்தோடு பெரிய துண்டுகளாக உடைந்தால் நல்ல மண். ஏரியில் எடுக்க அனுமதி வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் மழைநீர் தேங்காத மேடான இடமாகப் பாருங்கள். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், மேலே களிமண் ஒரு சாண் உயரம். அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு விரல்கடை உயரமாகக் கொட்டிக் கொட்டி உருட்டிக்கொண்டே வர வேண்டும். நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் போட்டுவிடாதீர்கள், சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கும். அருகம்புல்லை வரப்பிலிருந்தே பிடுங்கி நடலாம். முதல் வருஷம் மேட்ச் வைக்க வேண்டாம், நெட் பிராக்டிஸ் மட்டும் போதும். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

ரோலருக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். பக்கத்தில் எந்தக் கல்லூரியிலாவது பழைய கை ரோலர் ஓரமாகக் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். உருண்டையைக் காயவைத்து மிதித்துப் பார்த்த பிறகு, அது எப்படி உடைந்தது என்று எழுதுங்கள். எந்த ஏரி மண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.